துளை ஒன்பது

ஸ்னோமொபைல்களை அணைத்தாயிற்று. ஜெனரேட்டரையும்.
சமையல் கூடாரத்தில் யெத்தே
கரண்டியைக் குண்டானுக்குள்ளேயே விட்டுவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டாள்.
யாரும் நடக்கக் கூடாது.
போன வாரம் பவியா
கால் மரத்துப்போய் இரண்டு முறை உதைத்துக்கொண்டது
நாற்பத்தொன்றாம் ஜியோபோனில்
இரண்டு குட்டிக் குன்றுகளாக விழுந்திருந்தது.
தோர்பென் அழிக்கச் சொன்னான்.
நான் அழிக்கவில்லை.

இருபது மீட்டர், வெந்நீர் பாய்ச்சித் துளைத்தது.
அடியில் பத்துக் கிலோ மருந்து, என் கையால் இறக்கியது.
மேலே பனித்தூள் தள்ளி மிதித்தேன்
எதையோ திருடிப் புதைத்தவளைப் போல.

நூக்கில் ஓடுபாதை போட்டபோது
மூன்று கோடை பாறை பிளந்தவள் நான்.
அங்கே வெடித்தால் கல் நகர வேண்டும்.
இங்கே ஒன்றும் நகரக் கூடாது,
அதிர்வு மட்டும் இறங்க வேண்டும்.
மூன்று கிலோமீட்டர் பனியைத் தாண்டி,
பாறையில் முட்டி,
அதற்கும் கீழே, நிலத்தின் ஓடு முடிகிற இடம் வரை போய்
ஏறி வர வேண்டும்.
பனியின் அடியிலிருந்து திரும்ப இரண்டு வினாடிகூட ஆகாது.
ஓட்டின் அடியிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று.
அவ்வளவு நேரம் ஒருவர்
எதிரில் நின்று பேசாமலிருந்தால்
எனக்குப் பயம் வந்துவிடும்.

மூன்று. இரண்டு. ஒன்று.

அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.

கம்பியைக் கழற்றி முனைகளை முறுக்கினேன்.
அரை மணி நேரம் யாரும் துளைப் பக்கம் போகக் கூடாது, விதி.
வெடிக்காத மருந்து
தூங்குகிறதா யோசிக்கிறதா என்று
வெளியிலிருந்து சொல்ல முடியாது.
பதிவுப் பெட்டியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

குலுசுக் படகுத்துறையில் ஓர் இரும்பு வளையம்,
நான் பிறந்த வருஷம் பாறையில் அறைந்தது.
அன்று ஏற்றத்தில் கடல் அதை நனைக்குமாம்.
இன்று அலை எட்டாமல்
துருப்பிடித்துக் காய்கிறது.
தண்ணீர் வற்றுகிறது என்பார்கள் ஊரில்.
இல்லை, நிலம் எழுகிறது என்றான் தோர்பென்:
பனி கரையக் கரைய, இத்தனை காலம்
மூச்சுத் திணற அமுங்கிக் கிடந்த பாறை நிமிர்கிறது,
ஆண்டுக்கு ஓர் அரிசி நீளம்.
ஓடு எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால்
இன்னும் எவ்வளவு எழும் என்று கணக்குப் போடலாமாம்.
"அப்படியானால் அந்த வளையத்தைப் பிடுங்கி
கீழே அறைய வேண்டுமா?"
"இமாகா" என்றான்.
எங்கள் சொல், அவனுடைய டேனிஷ் வாயில்.
ஒருவேளை.
விமானம் வருமா, கல்யாணம் நடக்குமா,
எது கேட்டாலும் எங்கள் ஊர் சொல்கிற பதில்.

பத்தொன்பதாம் நிமிடம்
திரையில் தொண்ணூற்றாறு கோடுகளும்
ஒரு முனையிலிருந்து வரிசையாகத்
துள்ளிக்கொண்டே போயின.
காற்றில்லை. காலில்லை. வெடி இல்லை.
என் பாதத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை.
பனி தன் படுக்கையில் புரண்டிருக்கலாம்.
கிழக்கே ஒரு பனியாறு
கடலுக்குள் இடிந்திருக்கலாம்.

"நாம இன்னும் கதவையே தட்டல" என்றான் பவியா.
"அதுக்குள்ள உள்ளேருந்து இருமல்."

யெத்தே மட்டும் சிரித்தாள், சூப் அடிபிடித்த வாசனையோடு.
தோர்பென் நேரம் குறித்து
கோப்புக்கு "இரைச்சல்" என்று பெயர் வைத்தான்.
வைத்துவிட்டு
மூன்று முறை திறந்து பார்த்தான்.

முப்பது நிமிடம்.
புது மருந்தை எடுத்துக்கொண்டு
நான் மட்டும் துளைக்குப் போனேன், அதுவும் விதி.
பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
முதல் சில அடிகளைப் பூனைபோல வைத்தேன்.
பிறகு
என் கனத்தோடேயே நடந்தேன்.